அஜீசா கேட்ட தண்ணி

மலேசியாவின் பாச்சாங்கில் அஜீசாவின் முகத்தைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. செர்காம் கடற்கரையில் பிறந்தவள். படகு மோட்டார் சத்தத்தை மீறி வாப்பாவைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. கல்யாணமாகி ஜமாலுதீனின் சாப்பாட்டுக் கடைக்கு வந்த புதிதில் பின்கட்டில் வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தாள். தண்ணி கலக்குகிற ஆள் பெருநாள் லீவில் ஊருக்குப் போனவர் போனவர்தான். "நான் போடுறேன்" என்று முன்னால் வந்தவளை அதற்கப்புறம் யாராலும் உள்ளே அனுப்ப முடியவில்லை. மாமியார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். முதல் கிளாஸ் டீயைக் குடித்ததும் இறக்கிவிட்டார்.

தண்ணி என்றால் இந்த நாட்டில் என்னவென்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதையே ஓடாது. டீ, காப்பி, மைலோ, சிராப், ஐஸ் போட்ட எலுமிச்சை என்று குடிக்கிற எல்லாமே தண்ணிதான். ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுக்கு உட்கார்ந்தவரிடம் "என்ன தண்ணி?" என்று கேட்காத கடைக்காரரை மலேசியாவில் தேடினாலும் கிடைக்கமாட்டார். அஜீசா அந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்பாள் என்பது அவளுக்கே தெரியாது.

அவளுக்கு ஒரு பெருமையும் ஒரு பலவீனமும் உண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் எல்லோரும் குடிப்பது அவள் கையால் கலந்த டீ. அது பெருமை. பலவீனம், ஏழரை மணி நாடகம். அதில் தங்கமான மகனாக நடிக்கும் சென்னை நடிகர் பிரணவ்ராஜ் அழுதால் இவள் முந்தானை நனைந்துவிடும். பெற்ற மகள் இஷ்ரத் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இவ்வளவு அழுததில்லை என்று ஜமாலுதீன் கிண்டல் பண்ணுவார்.

அந்த பிரணவ்ராஜ் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் கடைக்கே வந்துவிட்டான்!

சனிக்கிழமை பக்கத்து ஊர் ஆயர் குரோவில் நட்சத்திரக் கலை நிகழ்ச்சி. ஏற்பாட்டாளர் தேவன், ரொட்டி சானாய் சாப்பிட என்று ஆளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, கூடவே நாலைந்து பேர், சுற்றிலும் தூக்கிப் பிடித்த கைப்பேசிகள். அஜீசாவுக்குக் கால் தரையில் படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். சந்தோஷத்தில் குரல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு உயர்ந்துவிட்டது.

"வாங்க தம்பி, வாங்க! என்ன தண்ணி போடுவோம்? சும்மா சொல்லுங்க, ஐஸ் போட்டாலும் சரி!"

போன மாதம்தான் பிரணவ்ராஜ் குடித்துவிட்டுப் படப்பிடிப்புக்கு வந்தான் என்று சென்னையில் யார் யாரோ வீடியோ போட்டுக் கிழித்திருந்தார்கள். அது பாச்சாங் அஜீசாவுக்கு எப்படித் தெரியும்? சென்னையில் 'தண்ணி போடுவது' என்றால் என்ன அர்த்தம் என்பதும் அவளுக்குத் தெரியாது. அவன் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். பக்கத்து மேசை கிளாஸ்கூடக் கவிழ்ந்தது.

"காலங்காத்தால தண்ணி போடுறவன் மாதிரியா இருக்கேன்? யாரு சொல்லிக் குடுத்துக் கேக்குற நீ? முக்காடு போட்டுக்கிட்டு சாராயமா விக்கிற?"

அவன் எழுந்து போயே விட்டான். தேவன் பின்னாலேயே ஓடினார். அஜீசா கையில் துணியோடு அப்படியே நின்றாள். நாடகத்தில் அம்மா காலைத் தொடாமல் வீட்டைத் தாண்டாத பிள்ளையா இது?

கைப்பேசிகளில் பதிவான வீடியோ பரவி, மதியத்துக்குள் நாடே கொதித்தது. இஷ்ரத் கைப்பேசியைக் கீழே வைக்க நேரமில்லாமல் ஒவ்வொன்றாக வாசித்தாள். "உம்மா, பினாங்குல பேசுறாங்க! ஜோகூர்ல பேசுறாங்க!" வயதில் மூத்த பெண்ணை 'நீ' என்று சொன்னதைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. லாரி ஓட்டுநர்கள், டீச்சர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கிளாஸைத் தூக்கிப் பிடித்து "என்ன தண்ணி?" என்று கேட்டு வீடியோ போட்டார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் எங்கள் ஊரில் அப்படித்தான் அர்த்தம் என்றார்கள். எங்கள் ஊரில் இப்படித்தான் என்று இவர்கள் திருப்பி அடித்தார்கள். தினமும் லாரியைக் கடை முன்னால் நிறுத்திப் பசியாறும் வீராசாமி, சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு வாங்கியிருந்த டிக்கெட்டை எல்லோர் முன்னாலும் கிழித்தார்.

"நாங்க ஒருத்தரும் போமாட்டோம் லா, அக்கா! காலி நாக்காலிக்கு ஆடிக் காட்டட்டும்!"

சும்மா சொல்லக்கூடாது, அஜீசாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் குஷிதான். புக்கிட் பெருவாங்கிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து அவளோடு செல்ஃபி எடுத்தார்கள். நல்ல முக்காடாகப் பார்த்து மாற்றிக்கொண்டாள்.

குஷி புதன்கிழமை மாலையோடு போயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் அந்த வீடியோவுக்கு மலாயில் எழுத்துப் போட்டு, இந்தக் கடையில் சாராயம் கொடுக்கிறார்கள் என்பது போலப் பரப்பிவிட்டான். முன்வரிசை மேசைகளில் உட்காரும் மலாய்க்காரர்கள் ஒருவரையும் காணோம். பள்ளிவாசல் கமிட்டியில் இருக்கும் அஸ்லாம் வந்தான். நெஞ்சளவு உயரம் இருந்த காலத்திலிருந்து அவள் கையால் டீ குடித்து, 'காக்கா', 'லாத்தா' என்று இருவரையும் அண்ணன் அக்காவாகக் கூப்பிட்டு வளர்ந்தவன். அவள் முகத்தைப் பார்க்காமல் ஜமாலுதீனிடம் பேசினான்.

"காக்கா, இந்த வெள்ளிக்கிழம டீ வேணாம். பேச்சு அடங்கட்டும், பிறகு பாப்போம்."

நடிகன் கத்தியது அஜீசாவுக்குக் காதோடு போயிற்று. இது உள்ளே இறங்கிவிட்டது. அவள் டீ பள்ளிவாசலுக்கு ஆகாதாம்!

ஜமாலுதீன் பயந்த மனுசர். "நாம ஒரு மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டுருவோமே?" என்றார்.

"எதுக்கு? டீ வேணுமான்னு கேட்டதுக்கா? செத்தாலும் மாட்டேன்."

அவர் வேலையாட்களைக் கூப்பிட்டு, இனிமேல் கடையில் தண்ணி என்ற வார்த்தையே வரக்கூடாது, எல்லோரும் 'டிரிங்ஸ்' என்றே கேட்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் தேவன் மறுபடி வந்தார். டிக்கெட்டுகள் மளமளவென்று திரும்பி வந்துகொண்டிருந்த மனுசருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. கூடவே பிரணவ்ராஜ், கண்ணாடி இல்லாமல். செய்தி எப்படிப் போனதோ, கொஞ்ச நேரத்தில் பாச்சாங் முழுவதும் கடை வாசலில் நின்றது. வீராசாமி நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். கூட்டத்தின் ஓரத்தில் அஸ்லாமும் நின்றான்.

தேவனின் ஆள் கேமராவைத் தூக்கினான். பிரணவ்ராஜ் அஜீசாவின் முன்னால் வந்து கைகூப்பினான். கீழுதடு நடுங்கியது. வலது கண்ணிலிருந்து அளவாக ஒரு சொட்டு உருண்டது.

"அம்மா… உங்க புள்ளைய மன்னிக்க மாட்டீங்களா?"

கூட்டம் சட்டென்று இளகியது. இரண்டு பெண்கள் மூக்கைக்கூட உறிஞ்சினார்கள். அஜீசா அவனை உற்றுப் பார்த்தாள். இந்த உதடு, இந்த ஒற்றைச் சொட்டு எல்லாம் அவளுக்குத் தெரியாதா?

"தம்பி, இது நாடகத்துல உங்க அப்பா மௌத்தானப்ப அழுத அழுக. அன்னைக்கு நானும் உங்களோட சேந்து அழுதேன். எனக்கு இது வேணாம்."

கடை அதிர்ந்தது. சிரிப்பும் விசிலும் ரோடு வரைக்கும் கேட்டது. பிரணவ்ராஜின் முகம் சிவந்துவிட்டது. அஜீசா கையை உயர்த்தினாள், எல்லோரும் அடங்கினார்கள்.

"என் கடையில சாராயம்னு நீங்க சொன்னத நாடே பாத்துருச்சு. முன்னால வந்து உக்காந்தவங்க இப்ப வரல. பள்ளிவாசலுக்கு என் டீ வேணாங்குறாங்க. எனக்குக் கண்ணீரு வேணாம், தம்பி. நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. போதும்."

அவன் கண்ணைத் துடைத்தான். தேவன் கையில் இருந்த தாளை வாங்காமலே கேமராவைப் பார்த்தான். இந்தக் குரலை அஜீசா நாடகத்தில் கேட்டதே இல்லை. சின்னதாக, கொஞ்சம் திக்கித் திக்கி வந்தது.

"இவங்க கேட்டது டீயா காப்பியான்னுதான். எனக்கு இந்த ஊர்ப் பேச்சு தெரியல, குடிக்கிறியான்னு கேக்குறாங்கன்னு நெனச்சுட்டேன். அப்படியே கேட்டிருந்தாலும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இந்தக் கடையில சாராயம் இல்ல. நான் சொன்னது பொய்."

இஷ்ரத் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் மலாயில் சொன்னாள். குரல் உம்மாவுடைய குரல். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற மலாய்க்காரர்கள் தலையாட்டினார்கள்.

"கால்ல விழச் சொல்லுங்க லா!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான்.

"வாய மூடு!" அஜீசாவின் தொண்டை செர்காம் கடற்கரைக்கே போய்விட்டது. "என் கடைக்கு வந்தவரு. எவனாவது பேசுனீங்க, வெளக்கமாறுதான்!"

ஜமாலுதீனுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, வாயெல்லாம் பல்லாக, தான் போட்ட சட்டத்தைத் தானே மறக்காமல் கேட்டார்.

"உக்காருங்க தம்பி! டிரிங்ஸ் என்ன சாப்புடுறீங்க?"

பிரணவ்ராஜ் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான், அஜீசாவைப் பார்த்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான். "அம்மா, எங்க ஊர்ல இதுக்கும் அதேதான் அர்த்தம்!"

சிரிப்பில் வீராசாமி நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். ஜமாலுதீனுக்கு மட்டும் கடைசி வரை ஒன்றும் புரியவில்லை. நடிகன் இரண்டு கிளாஸ் டீ குடித்துவிட்டுத்தான் போனான்.

கூட்டம் கலைந்ததும் அஸ்லாம் கவுண்டர் பக்கம் நெருங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"லாத்தா, நல்லாக் குடுத்தீங்க போங்க! எல்லாம் சரியாப் போச்சு. நாளைக்கு டீ எப்பவும் போல அனுப்பிடுங்க."

அஜீசா கலக்குவதை நிறுத்தினாள். முந்தின நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அந்தத் தம்பிக்கு நம்ம பேச்சு தெரியாது, அஸ்லாம். உனக்குத் தெரியும்தானே?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. கவுண்டரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"தெரியும் லாத்தா."

"தெரிஞ்சுதான் வேணாம்னு சொன்ன."

அஜீசாவுக்குக் கண் நிறைந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"டீ உண்டு. நாளைக்கு என் ஆளு தூக்கிட்டு வரமாட்டான். நீ வந்து தூக்கிட்டுப் போ."

மறுநாள் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக அஸ்லாம் வந்தான். கொதிக்கிற டீ அண்டாவின் ஒரு காதை அவன் பிடித்தான். இன்னொரு காதைப் பிடிக்கக் கமிட்டித் தலைவரையே கூட்டி வந்திருந்தான். இரண்டு பேரும் பாச்சாங் பெரிய ரோட்டில், கடைகடையாக எல்லோரும் பார்க்க, மெல்ல மெல்ல அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.