திருப்பிப் போட்ட பிளாஸ்டிக்

மலேசியாவில், லுக்குட் அருகே எஸ்டேட் வீட்டில் இருக்கிறேன். பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் கணவருக்கு, ஜன்னல் வழியே தெரியும் மிளகாய்ப் பாத்திதான் உலகமாக இருந்தது. புது நடவுக்காகப் பாத்தியில், களை முளைக்காமலிருக்கப் போடும் வெள்ளி நிற பிளாஸ்டிக்கை விரித்தேன். "கண்ணு கூசுதுலா" என்றார். மனசு கேட்கவில்லை. அதன் கறுப்புப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டு, கன்றுகளை நட்டேன்.

ஒரு மாதத்தில் இலையெல்லாம் சுருண்டுவிட்டது. "தண்ணி ஊத்தலயா?" என்று தினமும் கேட்பார். ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு காயைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்தபின், சுருண்ட இலையொன்றை உரக்கடையில் காட்டினேன். "வெள்ளிப் பக்கம் மினுங்குனாத்தான் இலையச் சுருட்டுற பூச்சி அண்டாதுக்கா" என்றார் கடைக்காரர்.

இப்போது வெள்ளிப் பக்கத்தையே மேலே விரிக்கிறேன். அன்றைக்கு, உச்சிவெயில் நேரத்துக்கு மட்டும், ஜன்னலில் அவருடைய கைலி ஒன்றைக் கட்டிவிட்டிருந்தால் போதுமே.