துக்கத்துக்கு வைத்த முத்து

மலாக்காவில், தெங்கரா தெருவில், சொந்தபந்தத்தில் யாராவது முடியாமல் படுத்துவிட்டால் சியோக் நியோவின் முகத்தில் ஒரு களை வந்துவிடும். வாய் என்னவோ 'ஐயோ, பாவம்' என்றுதான் சொல்லும். கை அதற்குள் அலமாரிச் சாவியைத் தேட ஆரம்பித்திருக்கும்.

அலமாரிக்குள் இருந்தது பாட்டி விட்டுப்போன குரோசாங். கெபாயாச் சட்டைக்குப் பொத்தான் கிடையாது. நெஞ்சில் வரிசையாகக் குத்துகிற மூன்று ஊசிநகைகள்தான் அதை மூடிப் பிடிக்கும். பெரியது ஒன்று, அது தாய். சின்னது இரண்டு, அவை பிள்ளைகள். பாட்டியிடம் இப்படி இரண்டு செட் இருந்தன. தங்கத்தில் வைரம் பதித்தது கல்யாணம் காட்சிக்கு. வெள்ளியில் முத்து பதித்தது துக்கத்துக்கு. பாபா, நியோன்யா என்கிற மலாக்காச் சீனர் வீடுகளில் சாவு விழுந்துவிட்டால் துக்கம் கழிகிறவரை தங்கம் உடம்பில் படக்கூடாது, வெள்ளியும் முத்தும்தான். மற்ற நாளில் அந்த முத்தை எடுத்துக் குத்திக்கொண்டால் சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

பாட்டிக்குப் பேத்திகள் இரண்டு பேர். மூத்தவள் குவாட் லியான், பெரியப்பா மகள். புத்தாண்டுக்கு ஆரஞ்சுக் கூடையோடு வருவாள், கன்னத்தில் ஒரு முத்தம் கொடுப்பாள், போய்விடுவாள். இளையவள் சியோக் நியோ. பாட்டிக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்தது, எச்சில் கிண்ணம் கழுவியது, கால் பிடித்துவிட்டது எல்லாம் இவள்தான். அந்தக் கிழவி கடைசியில் என்ன செய்தாள்? வைரத்தை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, முத்தை இவள் மடியில் போட்டாள்.

"இது உனக்கு. இதுக்கு ஏத்த மூஞ்சி உனக்குத்தாண்டி இருக்கு" என்று சொல்லிச் சிவந்த வாயோடு சிரித்தாளாம்.

வேறு யாராவது என்றால் அந்தப் பெட்டியைத் தூக்கி ஆற்றில் எறிந்திருப்பார்கள். சியோக் நியோ அதைப் பெருமையாக மாற்றிக்கொண்டாள். வைரம் சிரிக்கிறவர்களுக்கு, முத்து பொறுப்புள்ளவர்களுக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்படி ஒரு பேச்சு பாபா வீடுகளில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவளாகக் கட்டிவிட்டது.

பெற்றோருக்குப் போட்டாள், மாமனார் மாமியாருக்குப் போட்டாள். ரப்பர் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் எங் ஹாக் ஒரு சாதுவான மனுஷன், இருக்கிற இடம் தெரியாது. அவன் நெஞ்சு வலித்துப் போனபோது மூன்று வருஷத் துக்கத்தை ஒரு நாள் குறைக்காமல் காத்தாள். ஊரே மெச்சியது. எனக்கு மட்டும் அந்த மெச்சலில் உடன்பாடில்லை. அவன் உயிரோடு இருந்தவரை ஒழுங்காகத் தலை வாராதவள், அந்த மூன்று வருஷமும் சந்தைக்குப் போகக்கூடக் கொண்டை முடிந்து, ஊசி குத்தி, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டுதான் கிளம்பினாள். பிள்ளை குட்டி இல்லை. ஊறுகாய் போட்டு விற்றுப் பிழைத்தாள். வாங்க வருகிறவர்களிடம் ஊறுகாயைவிட அதிகமாகக் கொடுத்தது அடுத்தவர்களைப் பற்றிய இளக்காரம்தான்.

அந்த இளக்காரத்தில் பெரிய பங்கு குவாட் லியானுக்கு. அவள் வைரத்தை விற்று மகனுக்கு டயர் கடை வைத்துக் கொடுத்துவிட்டாள். செர்க்கிச் சீட்டு ஆடுகிற இடத்தில் சியோக் நியோ இதை எடுக்காத நாளே கிடையாது.

"பாட்டி குடுத்த வைரம் இப்ப லாரிக்கு அடியில ஓடுது. கொடுத்து வெச்ச குடும்பம்லா" என்பாள்.

குவாட் லியான் கையிலிருக்கும் சீட்டைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். "ஓடுதுல்ல? ஒன்னோடது எங்க ஓடுது? எவன் சாவான்னு பொட்டிக்குள்ள குந்திக்கிட்டு இருக்கு. நீயும் அதுவும் ஒரே ஜாதி."

"எனக்காவது பாட்டி ஞாபகம் இருக்கு தாச்சி."

"இருக்கும், இருக்கும். எச்சிக் கிண்ணம் கழுவினவளுக்கு மறக்குமா? சீட்டைப் போடு."

தாச்சி என்றால் அக்கா. அந்தச் சொல்லைச் சியோக் நியோ எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வாள்.

காலம் போகப்போக துக்கம் காக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சட்டைக் கையில் ஒரு கறுப்புத் துணித்துண்டைக் குத்துவார்கள், சவப்பெட்டி மண்ணுக்குள் போனதும் கழற்றி எறிந்துவிட்டுக் காரில் ஏறுவார்கள். சியோக் நியோவுக்கு அவர்களைப் பார்த்தாலே வயிறு எரியும். அதைவிட ஒரு பெரிய எரிச்சலும் இருந்தது. முத்தைக் குத்திக்கொள்கிற அளவுக்கு நெருங்கிய உறவென்று சாக இனி ஆளில்லை. மிச்சமிருந்தது குவாட் லியான் ஒருத்திதான். அவளோ இளைத்தாளே தவிர, சாகிற வழியைக் காணோம்.

இந்த நிலையில்தான் குவாட் லியானின் பேத்தி ஜெரலின் வந்தாள். மெல்பர்னில் வேலை, கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வயசான நியோன்யாக்களுக்குப் போடுகிற 'பிபிக்' என்ற மரியாதையோடு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"பிபிக், நான் வெள்ளைக் கெபாயா போடப்போறேன், நீல சாரோங். அதுக்குத் தங்கம் எடுக்காது. உங்ககிட்ட முத்து குரோசாங் இருக்காமே? ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா?"

சியோக் நியோ ஊறுகாய் ஜாடியைக் கீழே வைத்தாள். வெள்ளை, நீலம், முத்து. ஒன்றுகூடத் தவறாமல் அப்படியே எழவு வீட்டு உடுப்பு.

"யாரு சொன்னா, என்கிட்ட இருக்குன்னு?"

"பாட்டிதான். போய்க் கேளு, உன் ராசிக்குக் குடுத்தாலும் குடுப்பான்னாங்க."

தாச்சிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று சியோக் நியோ முடிவு கட்டினாள். எது எதற்கு என்பதையே மறந்துவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்: 'வேணாம்மா, இது பந்தாங், கல்யாணத்துல ஆகாது.' அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு நினைப்பும் வந்தது. மாப்பிள்ளை வீடு பழைய வீடு. மாப்பிள்ளையின் பாட்டி பிபிக் சூன், பெரிய மனுஷி, சடங்கு சாஸ்திரம் தெரிந்தவள் என்று பேர். மணப்பெண் நெஞ்சில் சாவு முத்தைப் பார்த்தால் சபையிலேயே வெற்றிலையைத் துப்பிவிடுவாள். குவாட் லியான் முகம் எங்கே போய் ஒளியும்?

"உனக்கு இல்லாததாம்மா?" என்றாள் சியோக் நியோ. அந்தப் பெண்ணை அவள் 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

பல்பொடி போட்டுத் தன் கையாலேயே தேய்த்துப் பளபளவென்று கொடுத்தனுப்பினாள். அன்றைக்கு ஊறுகாய் வாங்க வந்த எல்லாருக்கும் ஒரு கரண்டி கூடுதலாகவே கிடைத்தது. இப்படியும் ஒரு ஜென்மம்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் நீளமேஜை போட்டுப் பொங்தே, சப்சாய், இறால் என்று அடுக்கியிருந்தார்கள். சியோக் நியோ எதையும் தொடவில்லை. மணப்பெண்ணும் பிபிக் சூனும் ஒரே பார்வையில் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பெண் வந்தாள். வெள்ளையும் நீலமுமாக, நெஞ்சில் மூன்று முத்து நகையோடு. உள்ளபடி சொன்னால் கண்ணைப் பறித்தாள். பிபிக் சூன் எழுந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, பெரிய ஊசியை விரலால் தொட்டுப் பார்த்தாள். சியோக் நியோ நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"அடி ஆத்தி, என்ன ஜோரான டிசைன்! பாங்காக்ல வாங்கினியாம்மா? என் பேத்திக்கும் ஒண்ணு சொல்லிவிடேன்!"

சுற்றி நின்ற நியோன்யாக்கள் எல்லாரும் தலையை நீட்டி 'அழகு, அழகு' என்றார்கள். ஒருத்தி செல்போனில் படம் பிடித்தாள். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. சியோக் நியோ அந்தக் கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். எல்லார் நெஞ்சிலும் கடைக் கண்ணாடிக் கல். இதுவா பழைய வீடு, இதுகளா சாஸ்திரம் தெரிஞ்சதுகள் என்று உள்ளுக்குள் காறித் துப்பினாள். ஆனால் அந்தத் துப்பலில் வழக்கமான ருசி இல்லை. அவள் ஆயுசெல்லாம் கட்டிக் காத்தது இன்னதென்று சொல்ல அந்தக் கூடத்தில் ஓர் ஆள்கூட இல்லையே.

ஒருத்தி இருந்தாள். சுவரோரமாகப் பிரம்பு நாற்காலியில், சால்வை போர்த்திக்கொண்டு. கிட்டே போனபோதுதான் குவாட் லியானின் கழுத்து எலும்பு எப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

"பாத்தியா தாச்சி, உன் பேத்தி என்னத்தக் குத்திக்கிட்டு நிக்கிறான்னு?" என்று ஆரம்பித்தாள் சியோக் நியோ. "வெள்ளையும் நீலமும் முத்துமா. உனக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சு."

"கெபாயா நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள் குவாட் லியான். "சாரோங்கும் நான்தான். நீலம் கிடைக்கிறதுக்குள்ள மூணு கடை ஏறி இறங்கினேன்."

சியோக் நியோ திரும்பி மணப்பெண்ணை இன்னொரு தடவை பார்த்தாள்.

"டாக்டர் கையை விரிச்சிட்டான் சியோக். அவளுக்குத் தெரியாது. நீயும் வாயத் தொறக்காத. நான் போனா ஒரு கறுப்புத் துணியக் குத்துவா, அடுத்த ப்ளேன்ல மெல்பர்ன் போயிடுவா. அவளக் குத்தம் சொல்லல, வேலை அப்படி. ஆனா எனக்கு ஒரு ஆசை. எனக்காக ஒருத்தி வெள்ளையும் நீலமுமா, முத்து குத்திக்கிட்டு நிக்கிறத ஒரு தடவை பாக்கணும். செத்தப்புறம் எங்க பாக்கறது? அதான் இப்பவே பாத்துக்கிட்டேன்."

"கல்யாணப் பொண்ணுக்குப் போய்... பந்தாங் இல்லையா தாச்சி?"

"அவளுக்கு என்ன வந்துடும்? வர்றது எனக்கு வந்தாச்சு."

மேஜைப் பக்கம் யாரோ பாட்டுப் போட்டார்கள். பெண் சிரித்தாள். சியோக் நியோ நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "என்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

குவாட் லியான் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டா குடுத்திருப்பியா? எனக்கு நல்லதுன்னு தெரிஞ்சா அந்தப் பொட்டிய உடைச்சாலும் தொறக்கமாட்டே. எனக்கு அவமானம்னு நெனச்சாதான் தொறப்பே. தொடச்சு மினுக்கி வேற குடுத்திருக்கியே. உன்னை எனக்குத் தெரியாதா?"

சியோக் நியோ நாற்காலிக் கையிலிருந்து தன் கையை எடுத்தாள்.

"குடுத்திருக்கமாட்டேன்" என்றாள் கடைசியில்.

குவாட் லியான் தலையை ஆட்டினாள். அவள் கண் எப்போதோ திரும்பிவிட்டிருந்தது. கூடத்து நடுவில் நின்ற பேத்தியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.