என் பாஸ்வேர்ட் தெரிந்த அக்கா

ஆண்டவரை நம்புகிறவர்களே, இந்தச் சாட்சியைக் கேட்டு யாரும் கைதட்ட வேண்டாம். போன வருஷம் மழைக்காலத்தில் நான் ஒரு சாட்சிக்குக் கைதட்டினேன். அது என் கழுத்தை அறுத்த சாட்சி என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் பெயர் செல்வி. தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். அம்மாமார் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனதும் அவர்களுடைய கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. என் வீட்டுக்காரர் யோகன் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். உயர்தரம் வரைக்கும் படித்தவள் நான். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஒரு காலேஜ் இன்டர்நெட்டிலேயே ஒரு பாடநெறி தொடங்கியது. பெரும்பரப்பு வலையமைப்பு என்று பெயர். ஒரு கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர்களை இணைப்பது சின்ன வேலை. கொழும்பு ஆபீஸையும் இரத்தினபுரி ஆபீஸையும் ஒரே வீடு மாதிரி இணைப்பதுதான் இது. வகுப்பு கிடையாது, மணி அடிக்காது, வாத்தியார் முகம் தெரியாது. அவரவர் வேகத்தில் படித்து முடிக்கலாம். மத்தியானம் பிள்ளைகள் பாயில் தூங்கும்போது நான் படித்தேன். யோகனின் தம்பி கொடுத்தனுப்பிய பழைய லெப்டொப்பில் பயிற்சிகளைச் செய்தேன். பாடநெறியை முடித்தால் அவிசாவளையில் ஒரு கம்பெனி பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் என்றார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்து ஒரு பொம்பிளை கொழுந்துக்கூடை இல்லாமல் வேலைக்குப் போவாள் என்று நினைக்கவே நெஞ்சு படபடக்கும்.

நான் தனியாகப் படிக்கவில்லை. மெர்சி அக்காவும் சேர்ந்தார். எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் பாலர் பாடசாலை டீச்சர். சபையில் பாட்டு நடத்துகிறவர். எனக்கு ஜெபக் கூட்டாளி.

எங்கள் சபையில் அது ஒரு வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜெபக் கூட்டாளி உண்டு. அவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. வீட்டுச் சண்டை, வியாதி, செய்த பாவம், எல்லாவற்றையும் சொல்லி இரண்டு பேரும் முழங்காலில் நிற்போம். சீதாவக்க ஆற்றில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தோம். தண்ணீர் இழுத்தது. அக்காதான் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதனால் என் பாஸ்வேர்டையும் அவருக்குச் சொன்னேன். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது, அவர் வீட்டில் நன்றாக இருக்கும். அவசரத்துக்கு என் பயிற்சிகளை எனக்காக அனுப்புவார் என்று நினைத்தேன். வெளியூர்க்காரர்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். பாவத்தையே சொன்ன ஆளிடம் பாஸ்வேர்டை மறைக்கவா முடியும்? பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே என்று பாடத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பாடத்தையும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் படித்தோம்.

கடைசி வேலை கொஞ்சம் கஷ்டமானது. தூர தூரமாக இருக்கும் மூன்று ஆபீஸ்களைக் கம்ப்யூட்டரில் இணைத்துக் காட்ட வேண்டும். ஒரு லைன் அறுந்தால் வேலை நிற்காமல் வேறு வழியாகப் போக வேண்டும். எனக்கு ஓடவே இல்லை. பிறகு எங்கள் தோட்டத்தையே நினைத்துக்கொண்டேன். கீழ் ரோட்டில் மண் சரிந்தால் கொழுந்து லொறி நிற்காது, றப்பர் காட்டைச் சுற்றிக்கொண்டு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போய்விடும். அதே மாதிரி மூன்று இடத்துக்கும் இரண்டாவது வழி போட்டேன். வேலை செய்தது! மடுவத்துப் பிள்ளைகள் முழித்து அழுகிற அளவுக்குச் சத்தம் போட்டேன். இன்னொரு தரம் சரிபார்த்து அனுப்பலாம் என்று காலேஜ் கணக்கிலேயே அதைச் சேமித்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெர்சி அக்கா சபையில் எழும்பினார். கண்ணீரோடு பேசினார். தான் பின்தங்கிப் போயிருந்ததாகவும், ஆண்டவர் ஞானம் கொடுத்து ஒரே வாரத்தில் கடைசி வேலையை முடிக்க வைத்ததாகவும் சாட்சி சொன்னார். எல்லாரையும் விடச் சத்தமாகக் கைதட்டினவள் நான்தான். அல்லேலூயா என்று கத்தினேன். பாவி!

மறுநாள் என் வேலையை நான் அனுப்பினேன். அந்த வாரத்திலேயே காலேஜில் இருந்து பதில் வந்தது. என் வேலை இன்னொருவருடைய வேலையின் பிரதி என்றும், என் கணக்கு பூட்டப்பட்டது என்றும் எழுதியிருந்தார்கள். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது, நான் அப்படியே நின்றேன்.

யாருடைய வேலை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நேராகக் கீழ் டிவிஷனுக்கு இறங்கினேன். அக்கா முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

"கத்தாத செல்வி. நீதான பாஸ்வேர்ட் குடுத்த? நான் ராத்திரி பகலா ஜெபிச்சேன். ஆண்டவரு அந்த வழியத் தொறந்தாரு."

"அது வழியா? களவுக்கா அது!"

"பாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லேன், போ," என்று துணியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

போனேன். பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "இது வெளிய போனா நம்ம சபைக்குத்தான் அவமானம். காலேஜுக்கு ஒண்ணும் எழுதாதம்மா. மன்னிச்சிரு," என்றார். மெர்சி அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு இரண்டாவது அடி. வீட்டுக்கு வந்து சோறு ஆக்கவில்லை. யோகன்தான் ஆக்கினார். "நீ எழுது. உன் வேலய நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?" என்றார்.

எழுதினேன். பிறகு மடுவத்தில் பால் காய்ச்சுகிற குசினியில் முழங்காலில் நின்றேன். அது அழகான ஜெபம் இல்லை. "உமக்குத் தெரியும்தானே? அவங்க உம்ம பேரச் சொல்லித்தானே களவெடுத்தாங்க? நீரும் சும்மா இருந்தீரா?" என்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன். எனக்கு உதவ ஒரு விசுவாசியையாவது அனுப்பும் என்று கெஞ்சினேன்.

காலேஜ் பதில் போட்டது. இரண்டு பேரும் தனித்தனியாக வீடியோ அழைப்பில் வர வேண்டும். விரிவுரையாளர் கேள்வி கேட்பார். வராதவருக்கு இனி அந்தக் காலேஜில் இடமே இல்லை.

அந்த நாள் விடியும்போதே மழை ஊற்றியது. கரண்ட் இல்லை, எங்கள் சிம்முக்கான டவர் செத்துப்போயிருந்தது. வேறு கம்பெனி சிம் வைத்திருக்கிற மூன்று விசுவாசி வீடுகளுக்கு ஓடினேன். ஒருவர் ஊரில் இல்லை. மற்ற இரண்டு வீட்டிலும், "மெர்சி டீச்சர் விஷயமா? எங்களுக்கு எதுக்கும்மா வம்பு," என்றார்கள்.

மிச்சம் இருந்தது தோட்ட ஆபீஸ் மட்டும்தான். அங்கே ஜெனரேட்டர் உண்டு, தனி லைன் உண்டு. ஆனால் தொழிலாளிகள் ஜன்னலோடு நின்று பேசிவிட்டுப் போக வேண்டிய இடம். கிளாக்கர் சுனேத்ரா மிஸ் சிங்களப் பெண். மேசைக்கு மேலே புத்தர் படமும் சின்ன விளக்கும் இருக்கும். புத்தர் பிறந்த வெசாக் நாளில் அவர் கொடுக்கிற சாப்பாட்டுப் பார்சலைத் தொடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மெர்சி அக்கா.

நனைந்து போய் ஜன்னலில் நின்றேன். சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் கதவைத் திறந்தார். "பய வெண்ட எப்பா, நங்கி," என்றார். பயப்படாதே தங்கச்சி என்று. தான் உட்காருகிற கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். மேனேஜர் துரை வந்தால் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

விரிவுரையாளர் திரையில் வந்தார். நான் பேசத் தொடங்கினேன். முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கவில்லை, படம் அப்படியே உறைந்தது. ஆபீஸ் லைன் அறுந்துவிட்டது. மேலே எங்கேயோ மரம் விழுந்திருக்க வேண்டும். ஆண்டவரே, இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து இதற்குத்தானா என்று நினைத்தேன்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஒரு லைன் அறுந்தால் வேறு வழி. அதுதானே நான் செய்த வேலை!

"மிஸ், சிம் போடுற டொங்கிள் இருக்கா?" என்று கேட்டேன். மேசை லாச்சியில் ஒன்று கிடந்தது. வேறு கம்பெனி சிம். யாருக்கும் மாட்டத் தெரியாமல் புதுசாகவே இருந்தது. ரவுட்டரில் சொருகினேன். அமைப்பை மாற்ற ரவுட்டரின் பாஸ்வேர்ட் வேண்டும். அவரைப் பார்த்தேன்.

சுனேத்ரா மிஸ் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "நங்கி, கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க," என்று கொச்சைத் தமிழில் சொல்லிவிட்டு, தோளால் மறைத்துக்கொண்டு அடித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என்னை உள்ளே விட்டவர், கதிரை கொடுத்தவர், பாஸ்வேர்டை மட்டும் கொடுக்கவில்லை. சரியான மனுஷி அப்படித்தான் இருப்பாள் என்று அந்த நிமிஷத்தில் புரிந்தது.

மிச்சத்தை நான் செய்தேன். விரிவுரையாளர் முகம் திரும்ப வந்தது. எப்படித் திரும்ப வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கொழுந்து லொறி சுற்றிப் போகிற கதையையும் சொன்னேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "மற்றவரிடமும் இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் கேட்டேன். லைன் சரியில்லை என்று போனார். திரும்பி வரவில்லை."

என் கணக்கைத் திறந்தார்கள். தேறினேன். இப்போது அவிசாவளைக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். போன வெசாக்குக்கு சுனேத்ரா மிஸ் கொடுத்த பார்சலை அவர் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு விசுவாசியைக் கேட்டேன், ஆண்டவர் ஆபீஸ் கதவைத் திறந்தார். யார் மூலம் உதவுவது என்று அவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே நம்பிக் கேளுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே கேளுங்கள், அவர் தாங்குவார்.

மெர்சி அக்கா இன்னும் சபையில் பாட்டு நடத்துகிறார். என்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் இதுவும் ஒரு பொய்ச் சாட்சி ஆகிவிடும். ஆற்றில் அவர் பிடித்த கையைச் சில நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். காலையில் முழங்காலில் நிற்கும்போது அவர் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். பாதியிலேயே லைன் அறுந்துவிடுகிறது. மறுநாள் திரும்பவும் போட்டுப் பார்க்கிறேன்.