பிள்ளைக்கு முதல் செலவு தவிடு

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எங்கள் வீட்டில் அதன் செலவைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஆகியிருந்தது. முதல் பெண்ணுக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம். ஸ்பிரிங் தொட்டில், கொசுவலை, டவுணில் எடுத்த சட்டைகள். அவள் பிறந்த வாரமே போய்விட்டாள். தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டோம். காற்றடித்தால் அந்த ஸ்பிரிங் சத்தம் கேட்பதாக என் மனைவி சொல்வாள். கழற்றிய தொட்டிலில் சத்தம் எப்படி வரும் என்று நான் கேட்டதில்லை. எனக்கும் கேட்டது.

நான் அறுவடை மிஷினோடு ஊர் ஊராகப் போகிறவன். அறுப்பு இல்லாத மாதங்களில் கையில் ஒன்றும் நிற்காது. அவள் பீடி சுற்ற முடியாத நாட்களின் வாடகைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் காருக்கு என்று முன்னாலேயே ஒதுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"டயபருக்கே மாசம் எவ்வளவு ஆகும் தெரியுமா?"

"பைய பேசுங்க. அது கேட்டுக்கிட்டு இருக்கும்."

எது என்று அவள் சொல்லவில்லை.

பிள்ளை பிறந்ததும் அதைப் பக்கத்து வீட்டு மயினியிடம் கொடுத்து, தவிட்டுக்குத் திரும்ப வாங்குவது என்று முடிவானது. மயினி என்றால் அண்ணி; உறவில்லை, கூப்பிடுகிற முறைதான். மூத்தது தக்காத வீடுகளில் எங்கள் பக்கம் இப்படிச் செய்வார்கள். பிள்ளை இன்னொருத்தியுடையது என்று ஆகிவிட்டால், முதல் பிள்ளையைத் தேடி வந்தது இதைத் தேடி வராது. சேரன்மகாதேவியில் மாட்டுத் தீவனக் கடையில் ஒரு படி தவிடு வாங்கினேன். மகனுக்காக நான் செய்த முதல் செலவு அது.

மயினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேரம் பேசினாள்.

"என்னலே இது, பாதி உமியாக் கெடக்கு? ராசா மாதிரி பிள்ளைக்கு இதுவா வெல? தரமாட்டேன், போ."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

கடைசியில் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தாள்; எங்களிடம் வளர்ந்தாலும் பேச்சுக்கு அவன் அவள் பிள்ளைதான். அதன்பிறகு சோப்போ பவுடரோ நான் நேராக வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வெளியூரிலிருந்து மயினியின் போனுக்குப் பணம் அனுப்புவேன். அவள் வாங்கி வந்து, "எம் பிள்ளைக்கு இத வச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போவாள். போகப் போக, யார் வீட்டுச் செலவுக்கோ பணம் அனுப்புகிறவன் போல எனக்கே தோன்றியது.

பிள்ளை தவழும் முன்பே கடும் காய்ச்சல் வந்தது. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிள்ளை மயினியின் தோளில் கிடந்தான்.

"அம்மா யாரு? உடனே பால் குடுக்கணும்" என்றார் நர்ஸ்.

என் மனைவி மயினியைக் காட்டினாள். மனைவியின் ஜாக்கெட் பால் கசிந்து நனைந்திருந்தது.

"என்ன, வெளையாடுதியளா?"

மயினி என்னைப் பார்த்தாள். பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து மூடினான்.

"இவதான் சிஸ்டர் அம்மா. எங்க பிள்ளதான்" என்றேன்.

மனைவி பிள்ளையை வாங்கி முந்தானையால் முழுக்க மூடிக்கொண்டாள். பால் கொடுத்து முடியும்வரை அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் இறங்கியது. வீடு திரும்பினோம். எங்கள் பிள்ளை என்று நான் வாய்விட்டுச் சொன்னதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் பிள்ளை இருமினால் அவள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான்.