சீர் நிலமும் தஞ்சாவூர் வைத்தியமும்

என் உடம்பு சரியானதற்குக் குலதெய்வம்தான் காரணம் என்று என் மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கிடா வெட்டி, பொங்கல் வைத்து, ஊருக்கே சோறு போட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. கறிச்சோறு நன்றாகத்தான் இருந்தது. உண்மையில் பாதிக் காரணம் தஞ்சாவூரில் இருந்த ஒரு பெண் டாக்டர். மீதிப் பாதி நில உச்சவரம்புச் சட்டம்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டேன். வசதியான குடும்பம். ஆட்சி மாறினால் மாமனாரின் வேட்டிக்கரையும் மாறும். நிலம் மட்டும் கைமாறாது. ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்து, மிச்ச நிலத்தை உழுகிறவர்களுக்குக் கொடு என்று விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடி பிடித்து ஊர்வலம் போன காலம் அது. அதற்குப் பயந்து பெரிய வீட்டுக்காரர்கள் வேலைக்காரன் பெயரிலும் மச்சான் பெயரிலும் நிலத்தை எழுதிவைத்தார்கள். எங்கள் வீட்டில் மருமகள் பெயரில் எழுதினார்கள். ஒரு வேலி, ஏறக்குறைய ஏழு ஏக்கர். நிச்சயம் முடிந்த கையோடு அதை என் அப்பாவுக்கு விற்றதாகவும், அப்பா எனக்குச் சீராகக் கொடுத்ததாகவும் பத்திரம் பதிந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. மருமகள் எங்கே போய்விடப் போகிறாள் என்ற தைரியம் அவர்களுக்கு.

மருமகள் எங்கும் போகவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் உடம்பு புருஷனை உள்ளே விடவில்லை. இதை வெளியே சொல்வது அசிங்கம் என்று அன்று நினைத்தேன். இன்று நினைக்கவில்லை, அதனால் சொல்கிறேன். அவர் நெருங்கினாலே தொடைகள் ஒட்டிக்கொள்ளும், அடிவயிறு இறுகும், அந்த இடம் சுவர் எழுப்பியது போல் அடைத்துவிடும். மீறினால் எரிச்சல், உயிர் போகிற வலி. எனக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. ஆசை இருந்தது. ஆசை இருந்தும் உடம்பு கேட்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அவர் நம்பவில்லை. “என்னப் புடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வலிக்கிறது என்று அழுதது அவர் காதில் அவருக்கு நடந்த அவமானமாக மட்டும் விழுந்தது. கொஞ்ச நாளில் விஷயம் மாமியாருக்குப் போனது. எனக்குத் தெரியாமல்தான் போனது, ஆனால் அடுப்படியில் எனக்கு முன்னால்தான் அலசப்பட்டது.

முதலில் மந்திரித்தார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். பிறகு திருவாரூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் தொட வந்தபோதே நான் மேஜையின் மறுகோடிக்கு ஏறிவிட்டேன். அதனால் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார். நான் கண் விழிப்பதற்குள் தீர்ப்பு வெளியே போய்விட்டது: அமைப்பில் ஒரு குறையும் இல்லை, புருஷன் கொஞ்சம் அழுத்தமாக நடந்துகொண்டால் சரியாகிவிடும். படித்த மனிதர் சொன்ன யோசனை அது. வீடு வந்து சேரும்வரை மாமியார் பேசவில்லை. வந்த பிறகு நிறுத்தவில்லை. மயக்கத்தில் சரியாக இருக்கிறதாம், முழித்தால் மட்டும் பூட்டிக்கொள்கிறாளாம், எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

வேறு வீடாக இருந்தால் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இங்கே முடியாது, நான் போனால் நிலமும் என்னோடு போகும். மாமியார் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“வர்ற தையில ஒன் தங்கச்சியையும் இவனுக்கே கேட்டுடுவோம். அக்கா தங்கச்சி ஒத்துமையா இருந்துக்குவீங்க. நெலமும் வெளிய போவாது.”

என் கணவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்வார் எனக் காத்திருந்தேன். கை கழுவிவிட்டு வயலுக்குப் போனார். அந்த நிமிடத்து ஆத்திரம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

தங்கை அப்போது தஞ்சாவூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். எச்சரிக்கத்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் உடம்புக் கதையை மட்டும் சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. விடுதிக்கு வந்து பெண்களிடம் பேசிவிட்டுப் போன ஒரு டாக்டரம்மாவிடம் அன்றே இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த அம்மா என்னைத் தொடவே இல்லை. எதிரில் உட்காரவைத்துக் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் என் அம்மா சொன்ன ஒரே புத்தியைச் சொன்னேன்: பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடு. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

“பல்லக் கடிச்சா அங்கயுந்தான் கடிச்சுக்கும். கண்ணுக்கு நேரா கை வந்தா இமை மூடிக்குது, நீங்களா மூடுறீங்க? அது மாதிரிதான் இது. பயத்துல அந்த எடத்துத் தசை தானா இறுகிக்குது. நீங்க நடிக்கல.”

அதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயராம். மயக்கத்தில் பயமும் சேர்ந்து தூங்கிவிடுவதால்தான் திருவாரூரில் எல்லாம் சரியாகத் தெரிந்ததாம். நீங்க நடிக்கல என்று ஒருவர் சொல்லக் கேட்க நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்பது அங்கே உட்கார்ந்து அழுதபோதுதான் எனக்கே தெரிந்தது.

வைத்தியம் எளிமையானது, பொறுமைதான் வேண்டும். முதலில் மூத்திரத்தை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே தளர்த்தப் பழக வேண்டும். இறுக்கத் தெரிந்தால்தான் தளர்த்தத் தெரியும் என்றார். பிறகு கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணமான பெண் நான், என் உடம்பை அன்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுச் சொந்த விரல் நுனி. அது பழகிய பிறகு மெல்லியதிலிருந்து பருமன்வரை வழவழப்பான குழாய்கள், ஒன்று பழகினால் அடுத்தது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும். அதுவரை புருஷன் முயற்சியே செய்யக் கூடாது.

கூட்டுக் குடும்பத்தில் தாழ்ப்பாள் போட்ட தனிமைக்கு எங்கே போவது? நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்து அறைதான் கிடைத்தது. அவிக்க நெல் அள்ளப் போகிறேன் என்று போவேன். ஆளுயரப் பத்தாயத்துக்குப் பின்னால் சாக்கு விரித்துப் படுத்து மூச்சு விடப் பழகினேன். மருமகளுக்கு நெல் வேலையில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது என்று மாமியாருக்குச் சந்தோஷம்.

குழாய்கள் எல்லாம் பழகிவிட்டன. மிச்சம் புருஷன்தான். இனி அவரும் வந்து கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பழைய அவசரத்தில் எல்லாம் கெட்டுவிடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கணவரிடம் கெஞ்சினேன். பொம்பளை டாக்டர் முன்னால் உட்கார்ந்து தான் என்னத்தைப் பேசுவது என்று மறுத்துவிட்டார். நோய் எனக்குத்தானாம்.

தை பிறந்தது. அறுவடை மும்முரத்திலும் மாமியார் மறக்கவில்லை. ஒரு மத்தியானம் தட்டில் பூ, பழம், வெற்றிலை பாக்கு அடுக்கி என் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினார். கூடத்தில் மாமனாரும் என் கணவரும் இருந்தார்கள். அந்த வீட்டில் அதுவரை நான் கூடத்தில் நின்று பேசியதில்லை.

“நீங்க போயிட்டு வாங்க அத்தை. நானும் தாலுகா ஆபீசுக்குப் போறேன். இந்த நெலம் எங்கப்பா குடுத்தது இல்ல, உச்சவரம்புக்குப் பயந்து எழுதிவச்சதுன்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தட்டு பூஜை அறைக்குப் போனது. மறுநாள் காலை, நான் டாக்டரிடம் கிளம்பியபோது, என் கணவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எனக்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் நின்றார்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். எவ்வளவு நாளாகும் என்று மட்டும் கேட்டார். அது அவங்க சொல்றப்பதான் என்று பதில் வந்தது. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், டாக்டரம்மா சொன்னபடியே அவர் நடந்துகொண்டார். தொடாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடும்வரை காத்திருந்தார். உளுந்து எடுத்து முடித்த சமயத்தில் ஒருநாள் நானே கூப்பிட்டேன். “வலிக்குதா?” என்று கேட்டார். வலிக்கவில்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தங்கை படித்து முடித்து வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டாள். அந்தத் தட்டைப் பற்றி அவளுக்கு இன்றும் தெரியாது. எனக்கு இரண்டு பிள்ளைகள். உச்சவரம்புப் பேச்செல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஒரு வேலி மட்டும் இன்னும் என் பெயரில் இருக்கிறது. பையன் பெயருக்கு எழுதிவிடலாமா என்று அவர் அவ்வப்போது நயமாகக் கேட்பார். காபி கலந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்பார். பார்க்கலாங்க என்பேன்.

நிலத்தின் மேல் எனக்கு ஆசை இல்லை. வலிக்கிறது என்று நான் அழுதபோது வராத மனிதர், நிலம் போகும் என்றதும் பஸ்ஸுக்கு வந்து நின்றார். அதன் பிறகு இத்தனை வருடமும் என்னிடம் நல்லவராகவே இருந்திருக்கிறார். அந்த நல்ல குணம் எனக்கா, ஏழு ஏக்கருக்கா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டால் மறுநாளே தெரிந்துவிடும். அதனால்தான் போடவில்லை.