ஷாம்பெயின் ஊற்றியவர்

தில்லி ஏரோசிட்டி ஹோட்டல் ஒன்றில் எங்கள் அலுவலகத்துக்காக ஷாம்பெயின் விருந்து நடந்தது. பரிமாறியவர் கிராப் வெட்டிய ஒரு தமிழ்ப் பெண். ஊற்றியதும் கோப்பையைக் காதருகே வைத்து நுரையின் சத்தத்தைக் கேட்பார். பிறகுதான் பேசுவார்.

"பச்சை ஆப்பிள் வாசனை. உப்பு முந்திரியோட நல்லா இருக்கும்."

எல்லோரும் முகர்ந்து தலையாட்டினார்கள். எனக்கோ, கெட்டுப்போன பாட்டிலில் வரும் நனைந்த அட்டை நாற்றம் அடித்தது. அருகில் போய் மெதுவாகச் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது. "கோவிட்ல மூக்கு போச்சு சார். வாசனையே தெரியறதில்லை. இங்க யார்கிட்டயும் சொல்லலை."

உடனே மன்னிப்புக் கேட்டு, அந்தப் பாட்டிலை எடுத்துவிட்டார். அடுத்த பாட்டிலின் முதல் கோப்பையை என்னிடம் நீட்டி, என் முகத்தையே பார்த்தார். முகர்ந்து, தலையசைத்தேன்.

அவர் மற்றவர்களிடம் திரும்பி, "எலுமிச்சம்பூ" என்று ஆரம்பித்தார். எனக்கும் அந்த வாசனைதான் வந்திருந்தது. எப்படிச் சொன்னார் என்று இன்றும் புரியவில்லை.