ஜன்னல் வழியாகப் போட்ட பை

என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தஞ்சாவூர் வீட்டில் நானும் நாலு சுவரும்தான். சாயங்காலமானால் அவருடைய வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். ஓரமெல்லாம் பென்சிலில் எழுதியிருப்பார். ‘மேரிக்குக் காய்ச்சல், இரங்கும் ஆண்டவரே’ என்று ஒரு பக்கத்தில் இருக்கும். மேரி நான்தான். எனக்காக ஒருவர் கவலைப்பட்டதற்கு அந்த எழுத்துதான் மிச்சம்.

அன்று ஐப்பசி மழை. வல்லத்தில் ஜெபக்கூட்டம். பஸ் வந்ததும் ஜன்னல் வழியாக எதையாவது போட்டு இடம் பிடிப்பது நம் ஊர் வழக்கமாயிற்றே. துண்டைப் போடுவது அவர் வேலை, போய் உட்காருவது என் வேலை என்றே முப்பது வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கு நானே அவருடைய வேதாகமம் இருந்த பையைப் போட்டேன். இடிபட்டு ஏறிப் பார்த்தால் பையைக் காணோம். பக்கத்து பஸ்ஸில் போட்டுவிட்டு இதில் ஏறியிருக்கிறேன். நான் இறங்குவதற்குள் அது திருவையாற்றுக்குக் கிளம்பிவிட்டது.

எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. அவரைத்தான் எடுத்துக்கொண்டீர், கையெழுத்தையுமா என்று அழுதேன். அடுத்த திருவையாறு பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே ஜெபித்தேன். நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. வேறு கதியில்லை, அவ்வளவுதான்.

திருவையாற்றில் அந்த பஸ் காலியாக நின்றது. உள்ளே தஞ்சாவூரில் கீரை விற்றுத் திரும்பிய ஓர் அம்மா மட்டும் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் என் பை. நின்றவர்கள் சண்டை போட்டும், ‘ஆள் வருது, ஆள் வருது’ என்று வழியெல்லாம் யாரையும் உட்கார விடவில்லையாம். கண்டக்டர் கேட்டும் பையைக் கொடுக்கவில்லையாம்.

“பையப் போட்டா ஆளும் ஏறணும்மா,” என்று முதலில் என்னைத் திட்டினார். பிறகு மெதுவாக, “எடம் போட்டவங்க வராமப் போயிடுவாங்களான்னுதான் உக்காந்திருந்தேன்,” என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். நெற்றியில் திருநீறு வைத்திருந்த அந்தத் தையல்நாயகி அம்மாவை அங்கே உட்கார வைத்தது என் ஆண்டவர்தான். இப்போதெல்லாம் அந்த அம்மா கீரை விற்று முடித்ததும் என் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார். சர்க்கரை குறைச்சல் என்று தினமும் ஒரு குறை சொல்வார். வீட்டில் குறை சொல்லவும் ஓர் ஆள் இருக்கிறாரே என்று ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்.

தனியாயிருக்கிற சகோதரிகளே, நம்மைத் தேட யாருமில்லை என்று நினைத்தவள்தான் நானும். விசுவாசம் வராவிட்டாலும் ஜெபித்துக்கொண்டே அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள். நம் முகமே தெரியாத ஒருவர் வாயிலும் ‘ஆள் வருது’ என்ற சொல்லை வைக்க ஆண்டவரால் முடியும்.